ஆற்றோடு ஏறி, கால்வாயோடு இறங்கும் சிவாலய ஓட்டம்

கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குப் பாதியில், அதாவது பழைய விளவங்கோடு, கல்குளம் தாலுகாக்களில், மகா சிவராத்திரி என்றால் கண் விழிப்பதைக் காட்டிலும் ஓடுவதுதான் முதலில் நினைவுக்கு வரும். சிவராத்திரிக்கு முந்தின நாள் மாலையில் முஞ்சிறைத் திருமலை மகாதேவர் கோயிலில் தொடங்கி, மறுநாள் இரவுக்குள் திருநட்டாலம் சங்கரநாராயணர் கோயிலை அடையும் இந்த ஓட்டத்தில் பன்னிரண்டு சிவாலயங்கள் உண்டு. தூரம் சுமார் 110 கிலோமீட்டர் என்று பொதுவாகச் சொல்வார்கள். காவி வேட்டி, தோளில் ஒரு துவர்த்து (துண்டு), கையில் பனையோலை விசிறி, அதன் காம்பில் திருநீறும் சில்லறையும் வைக்கும் சிறு துணிப்பை, வாயில் 'கோவிந்தா, கோபாலா' என்ற அழைப்பு. இவ்வளவுதான் பயணச் சாமான். ஒவ்வொரு கோயிலிலும் குளித்து, ஈர வேட்டியோடு கும்பிட்டு, சாமிக்கு விசிறியால் வீசிவிட்டு அடுத்த கோயிலுக்குப் புறப்பட வேண்டும்.

கூட்டத்தோடு ஓடியும் இருக்கிறேன். கூட்டமில்லாத நாட்களில் இதே வழியைப் பகுதி பகுதியாக, வயல்களைப் பார்த்தபடி நிதானமாக நடந்தும் இருக்கிறேன். இரண்டாவது வகை நடைதான் இந்த வழியின் அமைப்பை எனக்குப் புரிய வைத்தது. கோயில்களின் பெயர்களைத் துண்டுப் பிரசுரத்தில் வரிசையாகப் படிக்கும்போது அது ஒரு பட்டியலாக மட்டுமே நிற்கும். நிலத்தில் இறங்கி நடந்தால், முதல் பாதி ஆற்றை எதிர்த்து மலையடிவாரம் வரை ஏறுவதும், இரண்டாம் பாதி பாசனக் கால்வாய்களோடு சேர்ந்து வயல்வெளிக்கு இறங்குவதும் தெளிவாகத் தெரியும். முஞ்சிறை இருப்பது குழித்துறைத் தாமிரபரணி கடலில் கலக்கும் தேங்காப்பட்டணத்துக்குப் பக்கத்தில். இரண்டாவது கோயிலான திக்குறிச்சி அதே ஆற்றின் கரையில். மூன்றாவதான திற்பரப்பு, அந்த ஆற்றுக்கு நீர் தரும் கோதையாற்றின் அருவியை ஒட்டி. ஐந்தாவதான பொன்மனை, இன்னொரு கிளையான பறளியாற்றுப் பக்கம், பெருஞ்சாணி அணைக்குக் கிட்டத்தில். அதற்குப் பிறகு வழி திரும்பிக் கீழே இறங்குகிறது. இப்படித் திட்டமிட்டு யாராவது வகுத்தார்களா என்பதைப் பற்றி நான் வாதிட வரவில்லை. பன்னிரண்டு இடங்களில் குளித்தாக வேண்டும் என்ற விதி இருக்கும்போது, வழி நீரை விட்டு விலகிப் போக முடியாது என்பது மட்டும் நிச்சயம்.

வழிக்கு ஒரு கதையும் உண்டு. ஊருக்கு ஊர் கொஞ்சம் மாற்றிச் சொல்வார்கள். நான் கேட்டு வளர்ந்த வடிவத்தில், பாதி மனிதனும் பாதி விலங்குமான புருஷாமிருகத்தின் பாலைக் கொண்டுவரப் பீமன் அனுப்பப்படுகிறான். புருஷாமிருகம் தீவிர சிவபக்தன்; திருமாலின் பெயரைக் கேட்டாலே ஆகாது. பீமன் 'கோவிந்தா, கோபாலா' என்று கூவியபடி பாலெடுக்க முயல, அது சினந்து துரத்துகிறது. பிடிபடப் போகும் ஒவ்வொரு முறையும் அவன் ஒரு ருத்திராட்சத்தைக் கீழே போடுகிறான். போட்ட இடத்தில் சிவலிங்கம் தோன்ற, புருஷாமிருகம் நின்று பூசை செய்யத் தொடங்கிவிடுகிறது. பன்னிரண்டாவது இடத்தில் பீமனின் ஒரு கால் புருஷாமிருகத்தின் எல்லைக்குள்ளும் மறு கால் வெளியிலுமாக மாட்டிக்கொள்கிறது. வழக்கு தருமரிடம் போக, தம்பி என்றும் பாராமல், எல்லைக்குள் இருந்த பாதி உடல் புருஷாமிருகத்துக்கே உரியது என்று அவர் தீர்ப்புச் சொல்கிறார். ஒரு முழம் வரப்புக்காகத் தலைமுறை கடந்து முன்சீப் கோர்ட்டுக்கு நடக்கும் எங்கள் ஊர்க்காரர்களுக்கு இந்தத் தீர்ப்பின் நியாயம் விளக்கமில்லாமலே புரியும்.

முஞ்சிறையிலிருந்து திக்குறிச்சி வரையிலான பகுதி இன்று பெரும்பாலும் வீடுகளும் தென்னந்தோப்புகளும் மரச்சீனி (மரவள்ளி) விளைகளும்தான்; விளை என்றால் மேட்டுத் தோட்டம். பொழுது சாயும் நேரத்தில் இதைக் கடப்பதால் பார்ப்பதற்கும் அதிகமில்லை. ஓட்டக்காரர்களில் பலர் இங்கே வேகத்தைக் கூட்டிவிட்டுப் பிறகு பொன்மனையில் கால் நொந்து உட்காருவார்கள். திக்குறிச்சியில் ஆற்றில் இறங்கலாம். சிவன் கோயிலாக இருந்தும் இங்கே நந்தி கிடையாது. அந்தக் காளை அடங்காமல் வெளியேறி ஊரின் பயிரை மேய்ந்து அழித்ததாகவும், அதை ஆற்றுக் கயத்தில் அடக்கிவிட்டதாகவும் கதை சொல்வார்கள். பயிரை மேய்ந்த குற்றத்துக்குச் சாமியின் காளைக்கே விலக்கில்லை என்ற இந்த ஒரு கதைக்காகவே திக்குறிச்சியை எனக்குப் பிடிக்கும்.

அங்கிருந்து அருமனைப் பக்கமாகத் திற்பரப்புக்கு ஏறும் வழிதான் இரவின் நீண்ட பகுதி. இருபுறமும் ரப்பர். இன்று இந்த நிலத்தைப் பார்ப்பவர்கள் ரப்பர் எப்போதும் இங்கே இருந்ததாகவே நினைத்துக்கொள்வார்கள். உண்மையில் அது கடந்த நூற்றாண்டில் பரவிய பயிர். மாசியில் ரப்பர் மரத்தின் நிலை வினோதமானது. தை மாதத்தில் இலை முழுவதையும் உதிர்த்துவிட்டு, பிறகு செம்பு நிறத்தில் தளிர் விடத் தொடங்கியிருக்கும். உதிர்ந்த இலை தரையில் கணுக்கால் அளவுக்குக் கிடக்கும். பால்வெட்டைப் பலர் நிறுத்தி வைத்திருப்பதால், மரங்களில் கட்டிய சிரட்டைகள் கவிழ்த்தே இருக்கும். இருட்டில் ஓட்டக்காரர்களின் கூட்டம் ஒரு விளையின் ஓரமாகக் குறுக்கு வழியில் திரும்பும்போது, நூறு பேரின் கால்களின் கீழ் அந்தச் சருகு நொறுங்கும் ஓசை 'கோவிந்தா' அழைப்பையும் மீறிக் கேட்கும்.

பகலில் நடந்தால் அதே மரங்களின் கீழே வரிசையாகத் தேனீப் பெட்டிகளைக் காணலாம். மார்த்தாண்டம் வட்டாரத்துத் தேனின் பெரும்பகுதி ரப்பர் விளைகளிலிருந்துதான் வருகிறது. கிடைக்கும் காலமும் இந்தத் தளிர்க் காலம்தான். பூவிலிருந்து வருவதாகத்தான் பலரும் எண்ணுகிறார்கள்; ஆனால் ரப்பரில் தேன் ஊறுவது இளம் இலைகள் காம்போடு சேரும் இடத்தில் உள்ள சுரப்பிகளில். ஒரு கிளையைத் தாழ்த்திப் பார்த்தால், மூன்று சிற்றிலைகள் கூடும் கணுவில் கடுகளவு துளி பளபளப்பதைக் கண்ணாலேயே காணலாம். விரல் வைத்தால் ஒட்டும். சிவராத்திரிக் கூட்டம் போகும் இரவில் பெட்டிகளை வழியோரத்திலிருந்து சற்று உள்ளே தள்ளி வைத்துவிடுவது வழக்கம் என்று ஒரு தேனீ வளர்ப்பவர் சொன்னார். யாராவது தட்டிவிட்டால் இரு தரப்புக்கும் நஷ்டம்.

திற்பரப்பில் அருவிக் குளிப்பு. நள்ளிரவில் கோதையாற்று நீரின் குளிர்ச்சி உடம்பை நடுக்கும். ஆனால் அதுவரை நடந்த கால்களுக்கு அதைவிட நல்ல மருந்து வேறில்லை. அங்கிருந்து திருநந்திக்கரை. இங்கே கோயிலுக்கு அருகில் பாறையைக் குடைந்து செய்த குகைக் கோயில் ஒன்று உண்டு. சமணர்களுடையதாக இருந்து பிற்பாடு சிவன் கோயிலானது என்பது பொதுவாகச் சொல்லப்படும் வரலாறு. முதலாம் இராசராச சோழனின் சதயத் திருநாளைக் கொண்டாடுவது பற்றிய கல்வெட்டு அங்கே இருக்கிறது. சுவரில் பழைய ஓவியங்களின் மங்கிய கோடுகளும் எஞ்சியிருக்கின்றன. ஓட்டத்தின் இரவில் இதையெல்லாம் யாரும் நின்று பார்ப்பதில்லை, பார்க்கவும் முடியாது. பகலில் தனியாக வந்து பார்க்க வேண்டிய இடம் என்று ஒன்றை மட்டும் சொல்லச் சொன்னால் நான் இதைத்தான் சொல்வேன்.

குலசேகரம் கடந்து பொன்மனை தீம்பிலேஸ்வரர் கோயிலை அடையும்போது பெரும்பாலோருக்கு விடியத் தொடங்கியிருக்கும். ஈர வேட்டி தொடையில் உரசி உரசித் தோல் கன்றிப்போவது இங்கேதான் பலருக்கு முதலில் தெரியும். தேங்காய் எண்ணெயை ஒரு சிறு குப்பியில் கொண்டுபோய், குளித்தவுடன் தடவிக்கொள்வதைத் தவிர இதற்குப் பெரிய வைத்தியம் எதுவும் கிடையாது. வழியில் வீட்டு வாசல்களில் மேசை போட்டுச் சுக்கு வெள்ளம், மோர், பானகம், கஞ்சி என்று கொடுத்துக்கொண்டே இருப்பார்கள். பொன்மனை தாண்டி ஒரு வீட்டின் முன்னால் கருப்பட்டிக் காப்பி ஊற்றிக்கொண்டிருந்த அம்மா, வேண்டாம் என்று கையசைத்துப் போன ஒரு பையனைத் துரத்திப் பிடித்து, "சூடா இருக்கிய சமயத்தில குடிச்சிட்டு ஓடு மக்களே, சாமி எங்கயும் போயிராது" என்று கோப்பையைக் கையில் திணித்தார். அவன் ஊதி ஊதிக் குடித்து முடிக்கும் வரை அவர் அவனுடைய விசிறியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

பொன்மனைக்குப் பிறகு நிலம் மாறுகிறது. ரப்பர் பின்வாங்கி, இரண்டு மேட்டு விளைகளுக்கு இடையே நீளமாக ஓடும், ஏலா எனப்படும் தாழ்ந்த வயல்கள் தொடங்குகின்றன. நாஞ்சில் நாட்டில் கண்ணுக்கெட்டும் தூரம் பரந்து கிடக்கும் வயல் பற்றுகளை மட்டும் பார்த்தவர்களுக்கு, கல்குளம் பக்கத்து ஏலாக்கள் குறுகலாகத் தோன்றலாம். மேட்டில் தென்னையும் மரச்சீனியும் பலாவும், சரிவில் வாழை, அடியில் நெல், நெல்லுக்கு ஓரமாகக் கால்வாய்; ஒரு ஏலாவின் குறுக்குவெட்டு இதுதான். பெருஞ்சாணி, பேச்சிப்பாறை அணைகளின் நீர் புத்தன் அணையிலிருந்து பத்மநாபபுரம் புத்தனாறு என்ற கால்வாய் வழியாக இந்தப் பக்கம் வருகிறது. பேச்சிப்பாறை அணை கட்டி முடிந்தது 1906இல். பட்டணங்கால் என்ற இன்னொரு கால்வாய் அதற்குப் பிந்தியது; அதன் நீரைப் பறளியாற்றுக்கு மேலே தூக்கிச் செல்வதற்காகக் கட்டப்பட்டதுதான் 1966இல் வந்த மாத்தூர் தொட்டிப்பாலம். சுற்றுலாப் பயணிகள் அதன் உயரத்தைப் பார்க்க வருகிறார்கள். விளவங்கோடு, கல்குளம் விவசாயிக்கு அதன் தொட்டியில் தண்ணீர் ஓடுகிறதா என்பதுதான் கேள்வி.

இங்கே இரண்டு பூ நெல், அதாவது ஆண்டுக்கு இரண்டு போகம். சித்திரையில் தொடங்குவது கன்னிப்பூ, புரட்டாசி வாக்கில் தொடங்கி மாசியில் அறுவடைக்கு வருவது கும்பப்பூ. ஆகவே சிவாலய ஓட்டம் கும்பப்பூ அறுப்போடு வந்து மோதும். பன்னிப்பாகம் கிராதமூர்த்தி கோயிலை நோக்கிப் போகும் வழியில் ஒரு வயல் அறுத்து முடிந்திருக்கும், அடுத்த வயல் கதிர் சாய்ந்து நிற்கும், மூன்றாவதில் வைக்கோல் திருப்பிக் காயப்போட்டிருக்கும். வெறுங்காலோடு நடப்பவருக்கு அறுத்த தாளின் கட்டைகள் குத்தும் என்பதால் எல்லோரும் வரப்பிலேயே வரிசையாகப் போவார்கள். காய்ந்த வரப்பு கால் வைப்பதற்குச் சுகமானது. தார் ரோட்டில் பத்து மணிக்கு மேல் கால் வைத்தவர்களிடம் கேட்டால் இன்னும் விளக்கமாகச் சொல்வார்கள். முன்பு வரப்பும் ஒற்றையடிப் பாதையுமாக இருந்த வழி, இப்போது பெருமளவு தார் ரோடாகிவிட்டது. செருப்பில்லாமல் ஓட வேண்டும் என்ற நெறி வரப்புக் காலத்துக்கு உரியது என்றே நினைக்கிறேன். வெயிலில் தாரின்மேல் அதைக் கடைப்பிடிப்பது வேறு ஒரு தவம்.

நெல் நிற்கும் ஏலாக்கள் குறைந்துகொண்டே வருவதை நடந்துபோகிறவர் கவனிக்காமல் இருக்க முடியாது. முதலில் நெல் வயலில் மேடு எடுத்து வாழை வைப்பார்கள். வாழைக்குப் பிறகு தென்னை. தென்னைக்குப் பிறகு மண்ணடித்து மனை. பன்னிப்பாகத்துக்குப் பக்கத்தில் ஏத்தன் வாழைக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம், இதுவும் வயல்தானே, ஏன் நெல் போடவில்லை என்று கேட்டேன். "நெல்லு போட்டா நட ஆளு தேடணும், களை பறிக்க ஆளு தேடணும், அறுப்பு மெஷின் இந்தத் துண்டு வயல்ல இறங்காது. வாழைன்னா நானும் வீட்டுக்காரியும் போதும்" என்றார். அவர் கணக்கில் தவறில்லை. மட்டியும் செந்துளுவனும் ஏத்தனும் விலை தருகின்றன. கன்னியாகுமரி மட்டி வாழைக்கு 2023இல் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. குழந்தைக்கு முதல் உணவாக மட்டிப் பழத்தை ஊட்டும் வழக்கமுள்ள ஊரில் அதை யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

ஆனால் நெல் வயல் வாங்கி வைத்திருந்த தண்ணீரை வாழைத் தோட்டம் வாங்கி வைப்பதில்லை. வாழைக்கு நீர் தேங்கக் கூடாது. அதனால் வடிகால் வெட்டுவார்கள். மேலே ஒருவர் மண்ணடித்தால் கீழே உள்ளவரின் வாய்க்கால் தூர்ந்துவிடும். கோயில் குளங்கள் பலவும் இந்த வயல் நீரின் ஊற்றாலும் கால்வாய்க் கசிவாலும்தான் நிரம்பியிருந்தன. ஓட்டக்காரர்கள் குளிக்கும் குளம் வேறு, விவசாயியின் வாய்க்கால் வேறு என்று பிரித்துப் பேச இந்த நிலத்தில் இடமில்லை. சிவராத்திரிக்கு ஒரு வாரம் முன்பு ஆகாயத்தாமரையை அள்ளிக் குளத்தைச் சுத்தம் செய்வது நல்ல காரியம்தான். குளத்துக்கு வரும் வாய்க்கால் அதற்குப் பிறகும் அடைந்தே கிடந்தால் அடுத்த ஆண்டும் அதே ஆகாயத்தாமரையைத்தான் அள்ள வேண்டியிருக்கும்.

இதில் பஞ்சாங்கத்துக்கும் ஒரு பங்கு உண்டு. இந்த மாவட்டத்தின் அணைகளிலிருந்து பாசனத்துக்கு நீர் விடும் காலம் வழக்கமாக ஜூன் முதல் தேதியிலிருந்து பிப்ரவரி இறுதி வரை. சிவராத்திரியோ ஆண்டுக்கு ஆண்டு நகரும்: 2024இல் மார்ச் 8, 2025இல் பிப்ரவரி 26, 2026இல் பிப்ரவரி 15. சிவராத்திரி முன்னதாக வரும் ஆண்டில் கால்வாயில் நீர் ஓடும், குளமும் படி நனைய நிற்கும், ஆனால் பல வயல்களில் அறுப்பு முடிந்திருக்காது. பிந்தி வரும் ஆண்டில் வயல் வெறிச்சோடி நடக்க வசதியாக இருக்கும். குளத்தில் பாசிப் படிகள் இன்னும் இரண்டு மூன்று கீழே இறங்க வேண்டியிருக்கும். அந்தக் கீழ்ப்படிகள் ஆண்டு முழுவதும் நீரில் கிடந்தவை, வழுக்கும். மொபைல் வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டு ஒருவர் கரையில் நிற்க, மற்றவர்கள் இறங்குவது நல்லது.

கல்குளம் நீலகண்டசுவாமி கோயில் 1795 வரை திருவிதாங்கூரின் தலைநகராக இருந்த பத்மநாபபுரத்தில் இருக்கிறது. பன்னிரண்டில் ராஜகோபுரம் உடையது இது ஒன்றுதான், தெப்பக்குளமும் பெரியது. அரண்மனையைப் பார்க்க வந்தவர்களும் ஓட்டக்காரர்களும் ஒரே தெருவில் கலந்து நிற்பார்கள். அதற்குப் பிறகு வேளிமலையின் அடிவாரத்தில் மேலாங்கோடு காலகாலர், வில்லுக்குறிப் பக்கம் திருவிடைக்கோடு சடையப்பர், தேசிய நெடுஞ்சாலையைக் கடந்து நாட்டுக்கே பெயர் கொடுத்த திருவிதாங்கோடு. இந்தப் பகுதியில் வெயிலையும் வாகனங்களையும் தவிரச் சொல்ல அதிகமில்லை. வேன்களிலும் பைக்குகளிலும் பன்னிரண்டு கோயிலையும் சுற்றுபவர்கள் இப்போது ஏராளம். வயதானவர்களும் முடியாதவர்களும் அப்படி வருவதில் எனக்கு எந்த வருத்தமும் கிடையாது. ஹாரனை அழுத்திப் பிடித்தபடி நடப்பவர்களை ஓடைக்குள் தள்ளும் பைக் கூட்டம் மட்டும் வேறு நாளில் வந்தால் நல்லது.

திருவிதாங்கோட்டிலிருந்து திருப்பன்றிக்கோடு வழியாகத் திருநட்டாலம் வரையிலான கடைசிப் பகுதி மறுபடியும் வயலும் குளமுமாக ஆகிவிடும். மாலை வெயிலில் இந்த வழியை நடப்பது சுகம். ஆனால் அதற்குள் கால் எதையும் ரசிக்கும் நிலையில் இருக்காது. நட்டாலத்தில் சிவனும் திருமாலும் ஓர் உருவாக நிற்கும் சங்கரநாராயணரைப் பார்க்கும்போது, சிவன் கோயில் தோறும் கோவிந்தனைக் கூப்பிட்டு வந்ததன் கணக்கு நேராகிவிடும்.

ஓட்டமாக அல்லாமல் நடையாக, பகலில் இந்த வழியைப் பார்க்க விரும்புபவர்கள் குலசேகரத்தில் ஓர் இரவு தங்கி இரண்டாகப் பிரித்துக்கொள்ளலாம். இன்னும் நிதானமாக வேண்டுமானால் தக்கலையிலும் தங்கலாம், இரண்டு ஊர்களுக்கும் பேருந்துக்குக் குறைவில்லை. சாதாரண நாட்களில் நண்பகலுக்கு முன்பே நடை சாத்திவிடுவார்கள், மாலையில்தான் மீண்டும் திறப்பார்கள். அந்த இடைவெளியை ஏதாவது குளக்கரையில் கழிக்கத் தயாராகப் போக வேண்டும். ஏலாவுக்குள் குறுக்கு வழி தேடும்போது, வரப்பில் நிற்பவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு இறங்குங்கள். பெரும்பாலும் அவரே முன்னால் நடந்து, எந்த வரப்பு உறுதியானது, எதில் நண்டு வளை தோண்டியிருக்கிறது என்று காட்டிவிடுவார்.